மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வலிக்கும்போதே ஏன் முழங்காலை மடக்கச் சொல்கிறார்கள்?

மூட்டு மாற்று என்றால் முழங்காலையே எடுத்துவிடுவதில்லை. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோக உறை பொருத்தி, நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். புது மூட்டு வலிப்பதில்லை. அதைச் சுற்றி வெட்டுப்பட்ட தசையும் திசுவும்தான் வலிக்கின்றன.

அந்தத் திசு ஆறும்போது தழும்பாக இறுகும். மழையில் நனைந்த தோல் செருப்பு எந்த வடிவில் காய்கிறதோ அந்த வடிவிலேயே விறைத்துப்போகும் அல்லவா, அப்படித்தான். முதல் ஆறு வாரம் அசைக்காமல் விட்டால், பிறகு மடக்குவது பெரும்பாடு. நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழவே 90 பாகைக்கு மேல் மடங்க வேண்டும்.

ஆகவே மடக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்காக வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கவும் வேண்டாம். மருத்துவர் தந்த மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

வீட்டார் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கால் மடங்கியபடியே இறுகினால் நேராக நிற்க முடியாது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நடந்தால் மூட்டு கழன்றுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். எலும்புச் சிமெண்டில் பொருத்திய மூட்டு அறுவை அரங்கிலேயே இறுகிவிடுகிறது, அதனால்தான் மறுநாளே வாக்கரைக் கையில் கொடுக்கிறார்கள்.