நான்கறை வீட்டில் தரையை மட்டும் மாற்றினால் வீடே மாறிவிடுமா? வினைலா, டைல்ஸா?

நீங்கள் கேட்டது இதுதான்: 1990களில் கட்டிய நான்கறை மறுவிற்பனை வீடு, கையில் அளவான பணம், சமையலறை அலமாரியை மாற்றுவதா தரையை மாற்றுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி, தரைதான் என்றால் எந்தத் தரை.

என் ஓட்டு தரைக்கு. நாங்கள் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் கிட்டத்தட்ட அதே வயதுள்ள ஒரு நான்கறை வீட்டை வாங்கினோம். தரையை மட்டும் முதலில் மாற்றிக்கொண்டு, மற்றதையெல்லாம் பழையபடியே வைத்துக் குடியேறினோம். அந்தப் பழைய அலமாரிகள் இன்னும் இருக்கின்றன. இப்போது அவை யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நாள் முழுக்க வெறுங்கால்தான். சுவருக்கு நல்ல சாயம் பூசினாலும் பாதியை அலமாரியும் தொலைக்காட்சியும் சாமி படங்களும் மறைத்துவிடும். தரை அப்படியில்லை, வாசலில் நின்றாலே அறைக்கு அறை அதுதான் தெரியும். நான்கறை வீடு என்றால் ஏறக்குறைய 90 சதுர மீட்டர். அவ்வளவு பரப்பும் ஒரே நேரத்தில் நிறம் மாறும்போது வீடு மாறாமல் என்ன செய்யும்?

எங்கள் ஹாலில் இருந்தவை ஓரடிச் சதுர டைல்ஸ், தவிட்டு நிறம், இடுக்குகள் எல்லாம் கறுத்துப் போனவை. பொது நடைபாதைப் பக்கம் மட்டுமே ஜன்னல் என்பதால் நண்பகலிலும் விளக்கு எரியும். அதை எடுத்துவிட்டு 60க்கு 60 சென்டிமீட்டரில், பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் டைல்ஸ் போட்டோம். பழைய டைல் நான்கு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். கோடுகள் பாதியாகக் குறைந்ததால் பார்வை தடுக்காமல் ஓடுகிறது, ஹால் பெரிதாகத் தெரிகிறது. நடைபாதை வெளிச்சம் தரையில் பட்டுச் சாப்பாட்டு மேசை வரை வருகிறது. விருந்தினர்கள் "சுவரை இடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு செங்கல்லைக்கூட நாங்கள் தொடவில்லை.

ஆனால் தோற்றத்தைவிடப் பெரிய மாற்றம், நாங்கள் வீட்டில் இருக்கும் விதம் மாறியது. முன்பு தரையில் யாரும் உட்கார மாட்டோம். இடுக்கு அழுக்கு, ஓரத்தில் தூக்கி நிற்கும் டைல், எவ்வளவு துடைத்தாலும் போகாத ஒரு பிசுபிசுப்பு. இப்போது மகன் வீட்டுப்பாடத்தைத் தரையில் பரப்பிக்கொண்டுதான் செய்கிறான். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் பாயை விரித்து வரிசையாக இலை போட முடிகிறது. மூன்று பேர் உட்காரும் பெரிய சோஃபாவை விற்றுவிட்டு இரண்டு பேர் உட்காருவதாக வாங்கினோம், அதிலும் பெரும்பாலும் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு வேறொரு காரணம். பழைய வீடுகளில் ஹால் டைல்ஸ் ஓர் உயரம், படுக்கையறைப் பார்க்கே மரத்தரை இன்னோர் உயரம், சமையலறை மூன்றாவது. இடையில் அரை அங்குல விளிம்பு. நமக்கு அது கண்ணில்கூடப் படாது. முட்டிவலியோடு நடைக்கம்பு பிடித்து நடப்பவருக்கு ஒவ்வொரு விளிம்பும் ஒரு வேலை. டைல்ஸை எடுத்தபோது அடியில் இருந்த சிமெண்ட் படுகையையும் சமன்செய்து, ஹாலையும் அறைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். அம்மா இப்போது இரவில் யாரையும் எழுப்பாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். மொத்தச் செலவில் இந்த மட்டம் சரிசெய்த வேலை ஒன்றுக்காகவே பணம் தகும் என்பேன். குத்தகையாளரிடம் முதலில் பேச வேண்டியது நிறத்தை அல்ல, மட்டத்தை.

மட்டம் என்றதும் விதி ஒன்று குறுக்கே வரும். தரையின் மேற்பரப்பும் அதற்கு அடியிலுள்ள சிமெண்ட் படுகையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கு. கட்டடம் தாங்கும் எடை சம்பந்தப்பட்டது, விளையாட வேண்டாம். மறுவிற்பனை வீட்டில் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே டைல் மேல் டைல் ஒட்டியிருக்கலாம். அதை வாசல் நிலைக்குப் பக்கத்திலோ சமையலறை ஓரத்திலோ பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படியிருந்தால் மூன்றாவது அடுக்கைப் பற்றி யோசிக்காமல் உடைத்தெடுப்பதுதான் வழி. வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளராக இருக்க வேண்டும். டைல்ஸ் உடைக்கும் இரைச்சல் வேலை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான், சனி ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் கிடையாது. வேலை தொடங்குமுன் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். கதவில் ஒட்டும் அறிவிப்பு ஒரு பக்கம். கையில் கொஞ்சம் முறுக்கோடு போய் நிற்பது வேறு.

உடைக்காமல் தப்பிக்க முடியுமா? பழைய டைல்ஸ் உறுதியாக இருந்தால் முடியும். எங்களுக்குத் தரை போட்டவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. முதல் நாள் ஹால் முழுக்க ஒரு வெள்ளி நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். "அண்ணே, கெட்டியா கேட்டா ஒட்டியிருக்கு. கொடகொடன்னு கேட்டா அடியில காத்துதான். இதுக்கு மேல எதை ஒட்டினாலும் ஒருநாள் சேர்ந்து தூக்கும்." எங்கள் ஹாலில் பாதி கொடகொட. அதனால் உடைத்தோம். 2018 ஜனவரியில் இங்கே அபூர்வமாகக் குளிரடித்தபோது பல வீடுகளில் டைல்ஸ் திடீரென்று வெடித்து எழும்பியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். டைல்ஸுக்கு இடையில் இடமே விடாமல் நெருக்கி ஒட்டி, அடியில் பிடிமானமும் தளர்ந்திருந்தால், வெப்பநிலை சட்டென்று மாறும்போது டைலும் சிமெண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்த இறுக்கம் போக வழியில்லாமல் டைல் நடுவில் தூக்கிக்கொள்ளும். ஆகவே "இடுக்கே தெரியாமல் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் மகிழ்ச்சியடையாதீர்கள்.

இனி வினைலா டைல்ஸா. கடைக்காரர்கள் தரையை வரவேற்பறைப் படங்களை வைத்து விற்கிறார்கள். நீங்கள் உங்கள் சமையலையும் பூசையையும் வைத்து வாங்குங்கள்.

பளிங்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்புக்கு ஆகாது. ரசம் சிந்தினாலோ எலுமிச்சைச் சாறு விழுந்தாலோ அந்த இடம் அரிக்கப்பட்டு மங்கிவிடும், துடைத்தால் போகிற கறையில்லை அது. மஞ்சளும் உள்ளே இறங்கும். பழைய மொசைக் தரையிலும் பளிங்குத் துண்டுகள்தான் இருக்கின்றன, அதற்கும் இதே கதை. ஆனால் உங்கள் வீட்டில் நல்ல மொசைக் தரை இருந்தால் உடைக்காமல் இழைத்து மெருகேற்றிப் பாருங்கள், இன்றைக்கு அதற்காகவே பணம் கொடுத்துப் புதிதாகப் போடுகிறார்கள்.

லேமினேட் என்பது அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் மரப் படம். நம் ஊர் ஈரப்பதத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் சொட்டச் சொட்டத் தரை துடைக்கும் வீட்டில், இணைப்புகளில் தண்ணீர் இறங்கி ஓரம் உப்பிவிடும். என் அக்கா வீட்டில் கண்ணால் பார்த்தது. தரை துடைக்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்வீர்களா? மாட்டீர்கள்.

வினைல், அதாவது பிளாஸ்டிக் தரை, தண்ணீருக்கு அஞ்சாது. இப்போது பலரும் போடும் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் வகையில் நடு அடுக்கு சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. பசை வேண்டாம், பழைய டைல்ஸ் உறுதியாக இருந்தால் அதன் மேலேயே விரிக்கலாம், நாலைந்து மில்லிமீட்டர்தான் உயரும், தூசி இல்லை, வீட்டில் இருந்துகொண்டே வேலையை முடிக்கலாம். டைல்ஸைவிடக் காலுக்கும் இதமாக இருக்கும். மகன் அறையில் பார்க்கே தண்ணீர் பட்டுக் கெட்டுப்போயிருந்ததால் அங்கே இதைத்தான் போட்டோம், அவன் பொம்மை வண்டிகளின் சத்தமும் குறைந்தது. ஆனால் சூடு ஆகாது. கற்பூரத் தட்டோ சுடுசட்டியோ நேரே வைத்தால் தழும்பு நிரந்தரம். மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் நிறம் வெளுக்கலாம், விரியவும் செய்யும், அதனால் சுவரோரம் இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். பின்பக்கம் ரப்பர் ஒட்டிய கால்மிதியை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் போட்டு வைத்தால் அடியில் மஞ்சள் கறை விழும்; விற்பவர் இதைச் சொல்லவே மாட்டார். மேலே உள்ள தேய்மான அடுக்கு 0.3 மில்லிமீட்டரா 0.5 மில்லிமீட்டரா என்று கேளுங்கள், பலகையின் மொத்தத் தடிமனைவிட அதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும்.

எங்கள் மற்ற அறைகளில் பழைய பார்க்கே நன்றாகவே இருந்தது. அதைத் தேய்த்து வார்னிஷ் அடித்ததோடு சரி. கெட்டியான மரம், மறுபடியும் மறுபடியும் தேய்த்துப் புதிதாக்கலாம். அதைப் பிடுங்கிவிட்டு மரம் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக்கைப் போடச் சொன்ன குத்தகையாளர்களும் உண்டு. கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் போர்சலின் டைல்ஸ்தான் என் தேர்வு. எண்ணெய், மஞ்சள், புளி, சூடு, கிரைண்டரின் எடை, எதற்கும் அசையாது. பளபளப்பு வகை ஈரத்தில் வழுக்கும். பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஓர் எண் இருக்கும், எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஹாலுக்கு ஆர்9 போதும் என்பார்கள். வயதானவர் இருக்கும் வீட்டில் ஆர்10 கேளுங்கள். அதற்கு மேல் போனால் சொரசொரப்பில் அழுக்குத் தங்கும், துடைப்பவர் உங்களைத் திட்டுவார். இடுக்கு நிரப்பும் கலவையை வெள்ளையில் வாங்காதீர்கள். மஞ்சள் தாளித்த ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

பாலஸ்டியர் சாலைப் பக்கம் டைல்ஸ் கடைகளில் நாங்கள் வெளிர் நிறத்தைத் தேர்ந்துகொண்டிருந்தபோது அம்மா ஒரு கேள்வி போட்டார்: "வெள்ளைத் தரையில மாக்கோலம் போட்டா யாருக்குத் தெரியும்?" எங்கள் யாருக்கும் தோன்றாதது அது. பூசை அலமாரிக்கு முன்னால் மட்டும் கறுப்பு டைல்ஸில் ஒரு சதுரம் பதித்தோம். வீட்டில் எல்லோரும் முதலில் கவனிப்பது இப்போது அதைத்தான். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் சிந்துவதும் அங்கேதான் என்பதால் அதற்கும் வசதி.

குளியலறைத் தரையை இதோடு சேர்த்துச் செய்வதென்றால் அது தனி வேலை. டைல்ஸை எடுத்தால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் போய்விடும். புதிதாகப் பூசி, தண்ணீர் தேக்கி ஒருநாள் முழுக்க விட்டுப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், பிறகு இரண்டு வீடும் சேர்ந்து அலைய வேண்டியதுதான். வழுக்கல்தான் கவலை என்றால் மாற்றாமலேயே தீர்க்கலாம். முதியோர் இருக்கும் வீடுகளுக்கான வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில், வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், இருக்கிற குளியலறைத் தரைக்கு வழுக்கல் தடுப்புப் பூச்சும் கைப்பிடிகளும் பெரும்பகுதி அரசாங்க மானியத்தில் கிடைக்கும்.

விலை கேட்கும்போது சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்ற ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். பழையதை உடைப்பது, குப்பை அகற்றுவது, படுகையைச் சமன்செய்வது, சுவரோரப் பட்டை, தரை உயர்ந்தால் கதவடியைச் சீவுவது, சாமான்களை நகர்த்துவது, இவையெல்லாம் உள்ளடக்கமா என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். மலிவாகத் தெரிந்த ஒரு விலைச்சீட்டு, இவற்றைச் சேர்த்ததும் எங்களுக்கு வந்ததிலேயே அதிக விலையாகிவிட்டது.

சமையலறை அலமாரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நீங்கள் உள்ளே வசித்துக்கொண்டே. தரையை உடைத்துப் போடுவதென்றால் வீடு காலியாக இருக்க வேண்டும். சாவி கையில் வந்து சாமான் ஏற்றுமுன் இருக்கும் அந்தச் சில வாரங்கள் மறுபடி வராது. புது வீடாக இல்லாவிட்டால் வீவக தரும் புதுப்பிப்பு அனுமதிச் சீட்டும் ஒரு மாதத்துக்குத்தான், அதனால் டைல்ஸைத் தேர்ந்து கையிருப்பு உண்டா என்று உறுதிசெய்த பிறகே வேலைத் தேதியைக் குறியுங்கள்.

தேவையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கி, மிஞ்சுவதை ஒரு பெட்டியாவது அலமாரிக்கு மேலே போட்டு வையுங்கள். ஒரே பெயரில் வரும் டைல்ஸும் சூளைக்குச் சூளை நிறம் சற்று மாறும். பெட்டியில் தொகுதி எண் அச்சிட்டிருக்கும். லாரியில் வந்து இறங்கும்போது எல்லாப் பெட்டியிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.