படுத்துக்கிடந்தால் பயம் போய்விட்டதா?

கேள்வி: எங்கள் நாய்க்கு 5 வயது. இடியோ வெடியோ கேட்டால் வாயில் நுரை தள்ள நடுங்கி, கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த 'பாதி' வெறும் கண்ணளவு. நாய்க்கு மருந்தை எடை பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். தூக்கம் வரவழைக்கும் மருந்தே சில நாய்களை நேர்மாறாக வெறிகொண்டு அலைய வைப்பதுண்டு. மனிதர்களுக்கான தூக்க சிரப் இன்னும் மோசம். இனிப்புக்கு அதில் சைலிட்டால் இருந்தால், நாயின் ரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சரிந்துவிடலாம், கல்லீரலும் கெடலாம். நோயாளியைப் பார்க்காமலே மருந்து சொல்பவரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

கால்நடை மருத்துவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். பழைய பழக்கத்தில் ஏசிப்ரோமசின் என்ற மயக்கம் தரும் மருந்தை மட்டும் எழுதித் தருகிறவர்கள் இன்றும் உண்டு. அது உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. நாய் எழ முடியாமல் கிடக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் காது மட்டும் துடிக்கும். வீட்டில் உள்ளவர்களோ "நல்லா தூங்குது" என்பார்கள். "பயத்துக்கு எது டாக்டர்?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். 5 நிமிடத்தில் ஒரு நாயைப் பார்த்து அனுப்பும் இடத்தில் அவர்களாகச் சொல்லப்போவதில்லை.

பயத்தைக் குறைக்கும் மருந்துகளான டிராசோடோன், அல்பிரசோலம், காபாபென்டின் ஆகியவற்றில் எது, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. சத்தமில்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்து எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். பிறகு, சத்தம் தொடங்குவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பே கொடுங்கள். நடுக்கம் வந்தபின் கொடுத்தால் பாதிப் பலன்தான்.

மாத்திரையைச் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்கலாம். இதே பயத்துக்குத் தரும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லை மட்டும் அப்படிக் கொடுக்காதீர்கள். அது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தடவ வேண்டியது; விழுங்கினால் வேலை செய்யாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தடவியபின் 15 நிமிடம் தின்னக் கொடுக்காதீர்கள். ஜெல் வரும் சிரிஞ்சின் தண்டில் அளவு வைக்கும் வளையம் ஒன்று இருக்கும். அளவுக்கு நகர்த்தியபின் அதைத் திருகிப் பூட்டி, விரலால் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் பூட்டவில்லை. பூட்டாத வளையத்தால் மருந்து கூடிப்போய் நாய்கள் மயங்கி விழுந்ததால் 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது. இதைச் செய்துகாட்டாமல் கையில் திணித்து அனுப்பினால் வாங்காதீர்கள்.

வீட்டில், ஜன்னல் குறைந்த உள்ளறையில் அதன் விரிப்பைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். கட்டிலடியில் புகுந்தால் இழுக்காதீர்கள். அதுவே தேடிக்கொண்ட இடம் அது. ஒட்டிவந்தால் தடவிக் கொடுங்கள். "தடவினால் பயம் வளரும்" என்பது வெறும் கட்டுக்கதை.

சத்தத்துக்கு நடுவே கட்டிவைத்து "பழக்கிவிடுகிறேன்" என்று பணம் கேட்கும் பயிற்சியாளரை வாசலோடு அனுப்புங்கள். நாய் அடங்கிப்போவது தைரியத்தால் அல்ல, தப்ப வழியில்லாததால். முறையான பழக்கம் வேறு: பதிவுசெய்த இடிச்சத்தம், காது லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் உடனே ஒரு துண்டு இறைச்சி. நாளுக்கு 5 நிமிடம் போதும். இறைச்சியை வாங்க மறுத்தால் ஒலி கூடிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் ஆகும். நிஜ இடி வரும் பருவத்தில் தொடங்காதீர்கள்.