வாசகர் கேள்வி–பதில்: அட்டுவும் கிஸ்காவும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அமெரிக்காவின் இரண்டு தீவுகளைக் கைப்பற்றி வைத்திருந்ததாகப் படித்தேன். மனிதர் வாழாத, ஒன்றும் விளையாத அத்தீவுகளால் ஜப்பானுக்கு என்ன பயன்?

பதில்: அலாஸ்காவிலிருந்து மேற்கே வில்லாக வளைந்து செல்லும் அலூஷியன் தீவுத்தொடரின் கடைக்கோடியில் உள்ள கிஸ்காவிலும் அட்டுவிலும் 1942 ஜூன் முதல் வாரத்தில் ஜப்பானியப் படைகள் இறங்கின. அதே வாரத்தில் நடுப் பசிபிக்கின் மிட்வே தீவருகே நடந்த கடற்போரிலிருந்து அமெரிக்கக் கடற்படையின் கவனத்தைத் திருப்பவே இதைச் செய்தார்கள் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஜப்பானிய ஆவணங்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்களோ, வடக்கேயிருந்து வரக்கூடிய தாக்குதலுக்கு அரண் அமைக்க, மிட்வேயோடு ஒரே நேரத்தில் திட்டமிடப்பட்ட தனி நடவடிக்கை இது என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ‘மனிதர் வாழாத’ என்பது சரியன்று. கிஸ்காவில் அமெரிக்கக் கடற்படையின் வானிலைக் குழுவினர் பத்துப் பேர் மட்டுமே இருந்தனர்; அட்டுவிலோ உனங்கன் பழங்குடி மக்களின் ஊர் ஒன்று இருந்தது.

கேள்வி: அந்த ஊர் மக்கள் என்ன ஆனார்கள்?

பதில்: நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட அவர்களை ஜப்பானியர்கள் ஹொக்கைடோவின் ஒட்டாரு நகருக்குக் கொண்டு சென்றார்கள். போதிய உணவின்மையாலும் காசநோயாலும் ஏறக்குறைய பாதிப் பேர் அங்கேயே இறந்தார்கள். போர் முடிந்து மீண்டவர்களும் அட்டுவுக்குத் திரும்ப முடியவில்லை. அழிந்துபோன ஊரை மறுபடி கட்டித்தர அமெரிக்க அரசு முன்வராததால், பலர் அட்கா தீவில் குடியேற நேர்ந்தது.

மற்றத் தீவுகளின் உனங்கன் மக்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இவ்வரலாறு ஒருதலைப்பட்சமாகிவிடும். எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று அட்கா ஊரைத் தீயிட்டவர்கள் அமெரிக்கக் கடற்படையினரே. 881 பேரைத் தென்கிழக்கு அலாஸ்காவுக்குக் கப்பலேற்றி, கைவிடப்பட்ட மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் சுரங்கக் குடியிருப்புகளிலும் அமெரிக்க அரசு தங்கவைத்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட அவர்களில் பத்தில் ஒருவர் அந்த முகாம்களில் மாண்டார். உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 12,000 டாலர் இழப்பீடு வழங்கும் சட்டம் 1988-இல்தான் வந்தது.

கேள்வி: போர்க்காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: அன்றே எழுதப்பட்டது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது. 1943 ஜூலை 28 அன்று மூடுபனியின் மறைவில் ஜப்பானியர்கள் கிஸ்காவிலிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரு மணி நேரத்துக்குள் கப்பலேற்றி மீட்டுச் சென்றுவிட்டார்கள். அதன் பிறகும் அத்தீவிலிருந்து தம்மை நோக்கிச் சுட்டதாக அமெரிக்க விமானிகள் சிலர் அறிக்கை கொடுத்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று பெரும்படை இறங்கியபோது அங்கே எதிரி ஒருவரும் இல்லை. ஆயினும் பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் சுட்டும் கண்ணிவெடிகளில் சிக்கியும் பலர் உயிரிழந்தனர்.

இன்னும் கடினமானது தட்சுகுச்சியின் நாட்குறிப்பு. கலிஃபோர்னியாவில் மருத்துவம் படித்து, ஜப்பானியப் படையில் மருத்துவராக அட்டுவுக்கு வந்த அவர், அத்தீவை மீட்க வந்த அமெரிக்கப் படையோடு நடந்த போரின் இறுதியில், 1943 மே 29 அன்று, எஞ்சியிருந்த ஜப்பானிய வீரர்கள் இறுதித் தாக்குதலுக்குப் புறப்படும் முன் கடைசிப் பக்கத்தை எழுதினார். அதை அமெரிக்கர்கள் கண்டெடுத்து மொழிபெயர்த்தார்கள், படிகள் வீரர்களிடையே கைமாறிப் பரவின, மூலம் தொலைந்துபோனது. இன்று கிடைக்கும் மொழிபெயர்ப்புகளில் சொற்களும் விவரங்களும் படிக்குப் படி வேறுபடுவதால், ஒரே ஒரு படியிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டி அவருடைய மனநிலையைத் தீர்மானிப்பது முறையாகாது. அப்படித் தீர்மானித்து எழுதியவர்கள் அந்த மனிதருக்கு அநீதி இழைத்தார்கள் என்றே கருதுகிறேன்.

போரிட்ட இரு படைகளும் அறிக்கைகளை எழுதி வைத்தன. ஊர் மக்களின் சொல் மிகத் தாமதமாகவே அச்சேறியது. சிறைபிடிக்கப்பட்டபோது ஆறு வயதுச் சிறுவனாக இருந்த ஒருவரின் நினைவுகள் நூலாக வெளிவந்தது 2012-இல். ஜப்பானிய வீரர் ஒருவர் தன்னை முதுகில் சுமந்து திரிந்ததை அவர் அதில் நினைவுகூர்கிறார்.