தமிழில் கிரிப்டிக் குறுக்கெழுத்துக் குறிப்பு எழுத முடியுமா? எப்படி எழுதுவது?

தாராளமாக முடியும். கிரிப்டிக் குறிப்பு என்றால் மேலோட்டமாக ஒன்று சொல்லும், விடையின் பொருளும் விடைச் சொல்லைக் கட்டும் துண்டுகளும் அதற்குள் ஒளிந்திருக்கும்; கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. நான் கோத்தகிரியில் ஒரு டீ ஃபாக்டரி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். தினமும் ஒரு குறிப்பு எழுதி எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வழக்கம்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், கலைத்துப் போட்டாலே பாதிக் குறிப்பு தயார். தமிழில் 'கி' மொத்தமாக ஒரு கட்டத்தில் உட்கார்ந்துவிடும், அதை உடைத்துக் 'க' ஆக்க முடியாது. அதனால் கலைப்பது கொஞ்சம் சிரமம். ஆனால் பிரிப்பதில் நமக்குள்ள வசதி பெரியது. தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்று சொல்வது இதைத்தான்: சொல்லைப் பிரிக்கிற இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது எழுதியது இது: "சின்ன இஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கும் (4)." அத்தை அப்போது டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். "இஞ்சி அப்படியா பூக்கும் மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை மணி கழித்து ஈரக்கையோடு வந்து, "சின்னன்னா குறு! குறு, இஞ்சி, குறிஞ்சி!" என்றார். 'று'வில் உள்ள உகரம் போய் இகரம் ஏறிக்கொள்கிறது, புணர்ச்சி விதிப்படியே. அந்த அரை மணி நேரமும் அவர் மனது இஞ்சிச் செடியையே சுற்றியிருக்கிறது பாருங்கள், அதுதான் குறிப்பின் வேலை.

தேயிலையில் நான் தவறினேன். 'டீயின் இலை' என்கிற மாதிரி எழுதினேன். அந்தச் சொல் பிறந்ததே 'தே'யும் இலையும் சேர்ந்துதான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அப்புறம் 'தேய்' என்று பிரித்துப் பார்த்தேன். "நிலவே, குறை! இலை குன்னூரில் பறிப்பது (3)" என்று வந்தது. பிறந்த இடத்தில் பிரிக்காதீர்கள், வேறு இடம் தேடுங்கள். அதே இடத்தில்தான் பிரியும் என்றால் பொருளாவது வேறாக இருக்கட்டும்.

அப்படி ஒன்று: "மதுரையை அடுத்த ஊரா? இல்லை, நீலகிரியில் இருக்கிறது (4)." மதுரைக்குப் பழைய பெயர் கூடல். கூடல், ஊர், கூடலூர். கம்பத்தில் இருக்கும் மனைவியின் தம்பி உடனே போன் செய்தான். "மச்சான், எங்க பக்கத்துலயே ஒரு கூடலூர் இருக்கு. 1996-இல தேனி பிரியற வரைக்கும் மதுரை மாவட்டம்தானே? நீங்க எப்படி இல்லைன்னு சொல்லலாம்?" அவன் சொன்னது சரி. அந்த 'இல்லை' விடைக்கும் உதவவில்லை, வாக்கியம் அழகாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. குறிப்பில் ஒரு சொல்கூடச் சும்மா நிற்கக் கூடாது. "மதுரையை அடுத்து ஊர், நீலகிரியில் (4)" என்று திருத்தி அனுப்பினேன்.

சரி, உங்களுக்கு ஒன்று: "பை, சோலை, ராத்திரி தொடக்கம்: நீலகிரியில் மின்சாரம் தரும் ஆறு (3)." சோலைக்கு ஓரெழுத்துச் சொல் ஒன்று உண்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.