குளித்துவிட்டு வரும்வரை காத்திருக்க முடியவில்லையா?

கேள்வி: அம்மா, நான் கடலூர்க்காரன். வயது 63. எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கெடுத்தாலும் ஆதார், தெருவுக்குத் தெரு கேமரா, போனை ஒட்டுக்கேட்பதாகச் செய்தி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியும் சாதாரண மனிதனை யாரும் மதிப்பதில்லை. புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எல்லைச் சாவடியில், பாட்டில் இருக்கிறதா என்று என் பையைத் திறக்கச் சொன்னார்கள். எந்தச் சட்டப்படி என்று கேட்டுப் பத்து நிமிஷம் வாதாடினேன். போன மாதம் என் மகன் (வயது 24), எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்பதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஏதோ எழுதிவிட்டான். மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவன் குளித்துக்கொண்டிருந்ததால் நானே போனை எடுத்துக் கொடுத்தேன். லாக்கை அவன் தங்கை திறந்து கொடுத்தாள். போன் இன்னும் வரவில்லை. இரண்டு தடவை விசாரிக்க வேண்டும் என்று என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள், போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மகன் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அரசாங்கம் இப்படி வீட்டுக்குள் நுழைந்தால் தனிமனித சுதந்திரத்துக்கு என்னதான் பாதுகாப்பு?

பதில்: ஐயா, உங்கள் கடிதம் ஆறு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். ஆதார், கேமரா பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பைத் தேதியோடு, ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது என்பதோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். சரி. அதையெல்லாம் தாண்டி வந்த நான் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். ‘குளித்துக்கொண்டிருந்ததால்.’

ஒருத்தன் குளித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் பத்து நிமிஷம். எல்லைச் சாவடியில் ஒரு பஸ்ஸையே காக்க வைத்து உங்கள் பைக்காக வாதாடினீர்களே, அதே பத்து நிமிஷம். அந்தப் பையில் என்ன இருந்தது என்றுகூடக் கடிதத்தில் இல்லை, பெரிதாக எதுவும் இருந்திருக்காது. மகனுடைய போனில் அவன் சிநேகிதர்கள், அவன் படங்கள், யாரிடமாவது அவன் அழுதிருந்தால் அந்த அழுகை, எல்லாம் இருந்தது. குளியலறைக் கதவைத் தட்டி, ‘டேய், உன்னைத் தேடி வந்திருக்கிறார்கள், வா’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

மகன் ‘ஏதோ எழுதிவிட்டான்’ என்கிறீர்கள். வடிகால் பாதியில் நிற்கிறதா, இல்லையா? நிற்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு என்ன ‘எழுதிவிட்டான்’? மழை பெய்தால் கடலூரில் என்ன ஆகும் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? தெருவில் தண்ணீர் நிற்பதைக் கேட்கிற பிள்ளையை நீங்களே பாதிக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். வந்தவர்களுக்கு மீதிப் பாதிதான் வேலை.

உங்கள் கையில் சட்டம் இல்லாமலில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதன் 105-ஆவது பிரிவு. எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா? நீங்களாக எடுத்து நீட்டியதை அவர்கள் கைப்பற்றியது என்பார்களா, அன்பளிப்பு என்பார்களா? அப்புறம் அந்த ஸ்டேஷன் பெஞ்ச். 60 வயது தாண்டிய ஆணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் இருக்கிற வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும், 179-ஆவது பிரிவு. காலமெல்லாம் கோப்பு எழுதிய கை உங்களுடையது. நோட்டீஸ் எங்கே என்று கேட்க உங்களைவிடப் பழக்கப்பட்டவர் யார்?

பக்கத்து ஊர்க் கதையே உங்களுக்கு நினைவிருக்கும். 2012-ல் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை, மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகக் கைது செய்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. செத்த பிரிவில் அதன் பிறகும் வழக்குப் போடுகிறார்கள் என்று 2021-ல் அதே நீதிமன்றம் அதிர்ந்துபோய்ச் சொன்னது. டில்லியில் எழுதின தீர்ப்பு உங்கள் வீட்டுப் படிவரை தானாக நடந்து வராது ஐயா. வாசலில் நிற்கிறவர்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வாசலில் நின்றது நீங்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று. 1976 பிப்ரவரி. ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்துவிட்டு விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நெருக்கடி நிலைச் சமயம். என் சித்தப்பா கட்சிக்காரர். அவரைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், பொய் சொல்லிப் பழக்கமில்லை. ‘நெல்லிக்குப்பத்தில் மாமனார் வீட்டில் இருக்கிறான்’ என்று சொல்லிவிட்டார். யாரும் மிரட்டவில்லை. கேட்டார்கள், சொன்னார். சித்தப்பா ஏறக்குறைய ஒரு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் போலீஸ்காரர்களை அவர் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை, அவர்கள் பிழைப்பு அது என்பார். ஆனால் சாகிறவரை எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர், மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். அப்பா பந்தியில் இலையைப் பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதே 1976 மார்ச் 1-ஆம் தேதி, கோழிக்கோடு பொறியியல் கல்லூரியிலிருந்து ராஜன் என்ற மாணவனைப் போலீஸ் கொண்டுபோனது. அப்பா ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர், ஆள்பலம் உள்ள மனிதர் இல்லை. மகன் தப்பு செய்தானா என்று அவர் விசாரணை நடத்திக்கொண்டிருக்கவில்லை. என் பையன் எங்கே என்று கேட்டார். அதிகாரிகளிடம் கேட்டார், மந்திரியிடம் கேட்டார். நெருக்கடி நிலை முடிந்ததும் 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுக் கேட்டார். பையன் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த வழக்கில் முதலமைச்சர் கருணாகரன் பதவியை விட்டு இறங்க வேண்டிவந்தது. பெற்றவன் கடமை என்று நான் நினைப்பது இவ்வளவுதான்: பிள்ளை சரியா தப்பா என்பதை உள்ளே வைத்துப் பேசலாம், திட்டலாம், தேவையென்றால் நாலு சாத்துகூடச் சாத்தலாம். வாசலில் அவன் உங்கள் பிள்ளை. இதைப் பழங்காலத்து எண்ணம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

தை மாதக் கல்யாணத்தைக் காரணமாகச் சொல்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகுமே, எதிர்வீட்டில் பார்ப்பார்களே என்ற பயம் புரியாமலில்லை. ஆனால் அந்த மகளைத்தானே அண்ணன் போனின் லாக்கைத் திறக்க வைத்தீர்கள்? அண்ணன் நம்பிக் காட்டியிருந்த எண் அது. அப்பா சொன்னால் பெண் என்ன செய்வாள்? நீங்கள் செய்ததில் எனக்கு அதிகம் கோபம் வந்த இடம் இது. அண்ணன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வேலை. மஞ்சக்குப்பத்தில் நீதிமன்ற வளாகம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் விவரத்தைச் சொன்னால் வழி காட்டுவார்கள். வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். பதிவாகியிருந்தால் போனைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பதிவாகவில்லை என்றால் எதற்காக எடுத்தீர்கள் என்று மேலதிகாரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனுவை உங்கள் அழகான கையெழுத்தில் நீங்கள் எழுதாதீர்கள், அவன் எழுதட்டும், அது அவன் பொருள். அவன் போகும்போது கூடப் போய் அதே பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

அதற்கு முன்னால் அவனிடம் பேச வேண்டும். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான், போகட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ‘உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு, உன் தங்கையைத் திறக்கச் சொன்னதும் நான்தான்’ என்று சொல்லுங்கள். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.