மொத்த ரேட்டிங்கை நம்பாதீர்கள்: ஹூப்ஸ் டைனஸ்டி கேள்வி-பதில்

ஹூப்ஸ் டைனஸ்டி ஓர் ஆன்லைன் விளையாட்டு. அதில் நீங்கள் ஓர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர்.

ஃபுல் கோர்ட் பிரஸ் (மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கும் டிஃபென்ஸ்) ஆடுகிறேன். நல்ல வீரர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். போதுமா?

போதாது, பத்துப் பேர் வேண்டும். 40 நிமிட ஆட்டத்தில் ஐந்து இடத்துக்கும் சேர்த்து 200 நிமிடம். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 25 நிமிடம் பிரஸ் பண்ணி ஓட வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் கால் தளர்ந்துவிடும். பிரஸ்ஸில் ஃபவுலும் அதிகம், ஒருவர் ஐந்து ஃபவுலில் வெளியேறினால் கணக்கே மாறிவிடும். இந்த சீசனை மெதுவான டெம்போவில் ஓட்டுங்கள். அடுத்த ரெக்ரூட்டிங்கில், அதாவது புது வீரர்களைச் சேர்க்கும்போது, ஸ்டாமினாவைப் பார்த்து எடுங்கள்.

மோஷன் தாக்குதல் முறையிலிருந்து ட்ரையாங்கிள் முறைக்கு மாறலாமா?

சீனியர்கள் (கடைசி வருட வீரர்கள்) அதிகம் இருக்கும்போது வேண்டாம். மூன்று வருடம் சேர்த்த ஐக்யூ, அதாவது அந்த முறையில் அவர்களுக்குள்ள தேர்ச்சி, வீணாகும்.

என் அணி ஏன் தொடர்ந்து தோற்கிறது?

எந்த டிவிஷன், என்ன டிஃபென்ஸ், எத்தனை ஃப்ரெஷ்மேன் (முதல் வருட வீரர்கள்), எதுவுமே சொல்லவில்லை. இந்த மாதம் இப்படி நான்கு கடிதங்கள். விவரம் எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.

620 ரேட்டிங் உள்ள பாயின்ட் கார்டை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) விட்டுவிட்டு 580-ஐ எடுக்கச் சொல்கிறார் நண்பர். சரியா?

உங்கள் நண்பருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மொத்த ரேட்டிங் என்பது எல்லாத் திறன்களையும் அப்படியே கூட்டிய எண், அவ்வளவுதான். யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று அது பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். அந்த 620 கார்டுக்கு ரீபவுண்டிங் 45, ஷாட் பிளாக்கிங் 35, லோ போஸ்ட் (கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் திறன்) 30 என்று வையுங்கள். இந்த 110-ம் பாயின்ட் கார்டுக்குப் பெரும்பாலும் பயன்படாது. 580 கார்டுக்கு அதே மூன்றும் தலா 5, மொத்தம் 15. இப்போது கழித்துப் பாருங்கள். முதல் ஆளுக்கு மிஞ்சுவது 510, இரண்டாவது ஆளுக்கு 565. வேகம், பால் ஹேண்ட்லிங், பாஸிங், டிஃபென்ஸ் எல்லாம் அந்த 565-க்குள்தான் இருக்கின்றன. டியூரபிலிட்டியும் (காயம்படாமல் தாங்கும் திறன்) அந்தக் கூட்டலில் சேர்கிறது. அது 90 இருப்பதால் ஒரு பந்துகூடக் கூடுதலாக உள்ளே போகாது.

நானும் முதல் சில சீசன்களில் பெரிய எண்ணைப் பார்த்தே ஆள் எடுத்தேன். பட்டியலில் அணி அழகாக இருந்தது, ஆட்டத்தில் பந்தைக் கொண்டுபோகவே ஆள் இல்லை. அதற்கப்புறம் ஒரே முறைதான்: தடகளத் திறன், வேகம், டிஃபென்ஸ், இந்த மூன்றையும் முதலில் பார்ப்பேன். அடுத்து அந்த இடத்துக்கான திறன். அப்புறம் ஒர்க் எதிக் (உழைக்கும் குணம்), வளர்ச்சி அதில்தான் இருக்கிறது. மொத்த எண்ணைக் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு நல்ல சென்டருக்காக என்னைவிடப் பெரிய கல்லூரி போட்டிக்கு வருகிறது. இருபது ஹோம் விசிட்டும் (பையன் வீட்டுக்குப் போவது) கேம்பஸ் விசிட்டும் (அவனைக் கல்லூரிக்கு அழைப்பது) கொடுத்துவிட்டேன். ஜெயிப்பேனா?

அவர்களும் அதையே கொடுத்தால் ஜெயிப்பது கடினம். பிரெஸ்டீஜ் (பெயர், மதிப்பு) அதிகம் உள்ள கல்லூரியின் முயற்சிக்கு மதிப்பு கூடுதல். அந்தப் பையனின் விருப்பங்களைப் பார்த்தீர்களா? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நிறைய ஆட வேண்டும் என்பவை உங்களுக்குச் சாதகமாக இருந்தால் தொடக்க ஐந்தில் இடமும் நிமிடங்களும் வாக்குக் கொடுத்துப் போராடுங்கள். இல்லையென்றால் இப்போதே இரண்டாவது ஆள் மீது அட்டென்ஷன் பாயின்ட் (ஒரு வீரர் மீது காட்டும் கவனத்துக்கான புள்ளிகள்) போடத் தொடங்குங்கள். கொடுத்த வாக்கை மட்டும் மீறாதீர்கள், பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவான்.

ஒரே வருடத்தில் ஆறு சீனியர்கள் போகிறார்கள். ஆறு பேரையும் ஒரே வகுப்பாக எடுக்கலாமா?

எடுத்தால் நான்கு வருடம் கழித்து இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். 12 ஸ்காலர்ஷிப்பை நான்கால் வகுத்தால் வருடத்துக்கு மூன்று. இப்போது நான்கு பேரை எடுங்கள், மற்ற இரண்டு இடத்தில் வாக்-ஆன் (ஸ்காலர்ஷிப் இல்லாத வீரர்) உட்காரட்டும். பிரஸ் ஆடுகிறவர்களுக்கு இது கஷ்டம்தான், அவர்கள் ஐந்து பேர் எடுக்கலாம். அதில் ஒருவரை ரெட்ஷர்ட் பண்ணினால், அதாவது ஒரு சீசன் ஆடவிடாமல் உட்காரவைத்து அந்த வருடத்தைச் சேமித்தால், வகுப்பு தானாகப் பிரிந்துவிடும்.

யாரை ரெட்ஷர்ட் பண்ணுவது?

வளர இடம் நிறைய இருந்தும் இந்த சீசனில் ஐந்து நிமிடம்கூட ஆடப்போகாதவரை. தொடக்க ஐந்தில் ஆடுவாய் என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவரை வேண்டாம்.