உதைத்துப் பழகிய கால்

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். வயது 33. பள்ளத்தூரிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காலேஜில் சேர்ந்தபோது, 2009-ல், அப்பச்சி (என் அப்பா) வாங்கித் தந்த ஸ்பிளெண்டர் பைக் தளர்ந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்க ஆசை. என் பட்ஜெட் இரண்டேகால் லட்சம். மனைவி ஹோண்டா ஷைன் 125 போதும் என்கிறாள். மைலேஜ், ரீசேல் எல்லாம் பார்த்துக் குழம்பிவிட்டேன். பழைய வண்டியை எக்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். அதற்கு அப்பச்சியே வைத்துக்கொள்ளட்டும் என்று இருக்கிறேன். செல்ஃப் எடுக்காது, பின் பிரேக் கொஞ்சம் லேட்டாகப் பிடிக்கும். ஆனால் அவருக்கு உதைத்துப் பழக்கம்தான். போன மாதம் அவர் முழங்கால் வலிக்காக மதுரைக்கு அலைந்ததில் இரண்டு நாள் லீவு போயிற்று, இல்லாவிட்டால் அப்போதே புக் பண்ணியிருப்பேன். எதை வாங்கலாம்? கலரும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மைலேஜுக்கு நீ எழுதியது ஒரு பக்கம், ரீசேலுக்கு அரைப் பக்கம். (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்.) அப்பச்சியின் முழங்காலுக்கு ஒரே வரி, அதுவும் உன் லீவுக் கணக்கில் வருகிறது.

எந்த முழங்கால் என்று நீ எழுதவில்லை. வலதா? ஸ்பிளெண்டரில் கிக்கர் வலப்பக்கம், பின் பிரேக் மிதியும் வலப்பக்கம். வண்டியை உதைத்துக் கிளப்ப வேண்டியதும் அந்தக் கால்தான், லேட்டாகப் பிடிக்கும் பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டியதும் அந்தக் கால்தான். இடது முழங்கால் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. உதைக்கும்போது உடம்புப் பாரம் முழுக்க அதில்தான் நிற்கிறது. வலிக்கு மதுரை வரை கூட்டிக்கொண்டு போனாய், சரி. திரும்பி வந்ததும் அதே காலுக்கு ஒரு கிக்கரைக் கொடுக்கிறாயே, டாக்டர் இதைத்தான் எழுதிக் கொடுத்தாரா?

'அவருக்கு உதைத்துப் பழக்கம்தான்' என்கிறாய். இந்த 'பழக்கம்தான்', 'அவங்களுக்கு இது போதும்' எல்லாம் எனக்கு வரும் கடிதங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவை. புது போன் பிள்ளைக்கு, திரை கீறியது ஆத்தாவுக்கு. புது ஃபிரிட்ஜ் மாடிக்கு, கதவு சரியாகச் சாத்தாதது கீழே. நீயோ எக்சேஞ்சுக்காரன் ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்த வண்டியைப் பெற்ற தகப்பன் தலையில் கட்டுகிறாய்.

அதுவும் யார் வண்டி? 2009-ல் உனக்குப் பதினேழு வயது இருக்குமா? ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) அவர் பேரில்தான் இருக்க வேண்டும். அவர் பணத்தில், அவர் பேரில் வாங்கியதை இத்தனை வருஷம் ஓட்டித் தேய்த்துவிட்டு, 'அப்பச்சியே வைத்துக்கொள்ளட்டும்' என்று தாராளம் பேசுகிறாய்!

அந்த ஆர்.சி.யை எடுத்துப் பார். டூவீலருக்கு அது 15 வருஷம்தான், 2024-லேயே முடிந்திருக்கும். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். உன் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. புதுப்பிக்காத வண்டி நாளைக்கு எங்காவது இடித்தால், கேஸ் அவர் பேரில்தான் வரும், இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான்.

நம் பக்கம் கல்யாணமானதும் பிள்ளையை வேறு வைக்கிற வழக்கம் உண்டு. ஒரே வீட்டு வளவுக்குள் தனி அடுப்பு, தனி வரவு செலவு. நல்ல வழக்கம் என்றுதான் நானும் சொல்வேன். பல வீடுகளில் மாமியார் மருமகள் சண்டை அதனால்தான் தெருவுக்கு வரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது, 'என் பட்ஜெட்' என்று கோடு கிழித்துக்கொண்டே எழுதுகிறாய். வேறு வைத்தது அரிசி பருப்புக்கு. முழங்காலுக்கு யாரும் கோடு போடவில்லை. பிள்ளை காலேஜுக்குப் போக வண்டி வேண்டும் என்றதும் அவர் வாங்கித் தந்தார். இப்போது முறை உன்னுடையது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சரி, வண்டி. கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112 கிலோதான். உங்களுடையது பழைய வீடென்றால், படியில் பலகை சாத்தி, தள்ளித் தள்ளித்தான் முகப்புக்குள் ஏற்ற வேண்டும். நீ ராத்திரி வந்து வாசலில் விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் ஏற்றி வைக்கிறது யார்? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? புல்லட் ஆசை தப்பில்லை, அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்கும் ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18 சதவீதமாக இறக்கியபின் அந்த ஆசை ஊரில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. இறக்கியும் ரோட்டுக்கு வரும்போது அது இரண்டு லட்சத்தைத் தாண்டும். பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே அந்த எஞ்சினுக்கு என்ன வேலை?

உன் மனைவி சொன்ன ஷைனை வாங்கு. மீதிப் பணத்தில் அப்பச்சிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட், செல்ஃப் உள்ள மாடலாக. கியர் மாற்ற வேண்டாம், எடை தொண்ணூறு கிலோவுக்குள், சந்தைப் பையை முன்னால் வைத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த சின்ன வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது, உன் 2009 வண்டியில் அது ஏது? இரண்டு வண்டியும் சேர்ந்தே உன் இரண்டேகால் லட்சத்துக்குள் அடங்கிவிடும்.

அவர் 'எனக்கெதுக்கப்பா, இருக்கிறது போதும்' என்பார். அந்த வயசுக்காரர்களுக்கு வேறு வசனம் தெரியாது, நம்பாதே. ஷோரூமுக்குக் கூட்டிப் போ, அவரே உட்கார்ந்து, காலை ஊன்றிப் பார்த்து, ஓட்டிப் பார்க்கட்டும். போவதற்கு முன் அவர் லைசென்ஸ் தேதியையும் பார். 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும்.

புது வண்டி வரும்வரை அந்த ஸ்பிளெண்டரை அவர் தொடுவதாக இருந்தால், நாளைக் காலை மெக்கானிக்கிடம் விடு. பின் பிரேக் ஷூ சில நூறு ரூபாய் சமாச்சாரம். செல்ஃப் எடுக்காததற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை, பக்கம் தீர்ந்துவிட்டது.

கலரை மனைவியிடம் கேள். அந்த வீட்டில் அவளுக்குத்தான் கணக்கு ஒழுங்காக வருகிறது.